கடைசித்தேதி அக்காவின் இரண்டு நாள்

கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியவள், மீதியைத் தூக்க மறந்து போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த முதலாளி குனிந்து நுழையப் பார்த்து நெற்றியை இடித்துக்கொண்டார்.

"ஏம்மா, என் கடைக்குள்ள நானே திருடன் மாதிரி குனிஞ்சு வரணுமா?"

அவள் காதில் விழவில்லை. திரையில் இருந்த பின்னூட்டத்தை மறுபடியும் மறுபடியும் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து சாயந்தரம்தான் வருமானச் சான்றிதழ் கைக்கு வந்துச்சு. ஆசையா உங்க பக்கத்தைத் திறந்தா, முந்தாநாளே கடைசித் தேதி முடிஞ்சிருக்கு. தப்பு என்மேலதான், முன்னாடியே அலைஞ்சிருக்கணும். அப்பா சொன்ன துணிக் கம்பெனியில இன்னைக்குச் சேர்றேன். தங்கச்சி படிச்சு முடிக்கும்போது உங்க பக்கத்தைக் கண்டிப்பா காட்டுவேன். எல்லாத்துக்கும் நன்றி அக்கா. இப்படிக்கு, ஜன்னலோரம்."

வேறு எந்த வலைப்பதிவருக்கு இப்படி ஒரு பின்னூட்டம் வந்திருந்தாலும் 'அடப் பாவமே' என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார். இவளால் அப்படிப் போக முடியவில்லை. அந்த உதவித்தொகைக்குக் கடைசித் தேதி முந்தாநாள் இல்லை. இன்றைக்குத்தான். சாயந்தரம் ஐந்து மணி வரைக்கும் விண்ணப்பிக்கலாம். முந்தாநாள் என்று போட்டது இவள். கைதவறிப் போடவில்லை, தெரிந்தேதான் போட்டாள்.

வயிற்றுப் பிழைப்புக்கு இவள் பார்ப்பது கண்ணாடிக் கடை வேலை. பிரேம் எடுத்துக் காட்டுவது, பவர் எழுதிய சீட்டைப் பார்த்து லென்சுக்கு ஆர்டர் போடுவது, 'இந்தக் கண்ணாடியில நான் வயசானவ மாதிரி தெரியறேனா' என்று கேட்பவர்களிடம் முகம் மாறாமல் இல்லை என்று சொல்வது. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 'கடைசித் தேதி' என்ற தன் வலைப்பதிவை எழுதுவாள். எந்த அறக்கட்டளை யாருக்குப் படிப்புச் செலவு தருகிறது, எந்தச் சான்றிதழை எங்கே வாங்க வேண்டும், மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கும் கல்லூரியை யாரிடம் சொல்லிக் கேட்பது, எல்லாம் அதில் இருக்கும். எழுத்தில் காரம் கொஞ்சம் தூக்கல். 'நாளைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்று காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் மகாராஜாக்களே, ராணிகளே' என்றுதான் பாதிப் பதிவுகள் தொடங்கும். திட்டு வாங்கினவர்கள்தான் கடைசித்தேதி அக்கா என்று பேர் வைத்தார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளும் ஒரு காலத்தில் ஓர் உதவித்தொகையை நம்பி இருந்தவள்தான். பள்ளி அலுவலகத்தில் யாரோ அறிவிப்பை மேஜை அறைக்குள் போட்டுவிட்டு மறந்துபோக, இவள் விஷயம் தெரிந்து ஓடியபோது ஒரு நாள் கடந்திருந்தது. கவுன்ட்டரின் மரக்கதவை இழுத்துச் சாத்திய அந்தக் கையும் அதில் இருந்த மோதிரமும் இன்னும் அவள் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. அப்புறம் படிப்பு இல்லை, கண்ணாடிக் கடைதான்.

அதனால்தான் வலைப்பதிவு தொடங்கியபோது யாரிடமும் சொல்லாமல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எந்த அறிவிப்பாக இருந்தாலும் கடைசித் தேதியை இரண்டு நாள் முன்னதாகப் போடுவது. பிள்ளைகள் எப்படியும் கடைசி நாளில்தான் மூச்சிரைக்க வருவார்கள், அன்றைக்குத் தளம் படுத்துவிடும், கரண்ட் போகும், கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருப்பார். இரண்டு நாள் கையில் இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். உண்மையான தேதி அந்த நீளமான அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டவர்களுக்கே தெரியாத எழுத்தில் இருக்கும். அதை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அக்கா சொன்னால் சரியாக இருக்கும். இத்தனை வருஷத்தில் இந்த இரண்டு நாளால் தப்பித்தவர்கள் எத்தனையோ பேர். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

கணவனுக்கு மட்டும் விஷயம் தெரியும். "பொய் சொல்லிட்டு அதுக்குப் பேரு உதவியா?" என்று ஒருதரம் கேட்டான். "நீ துணி துவைக்கிற மிஷினைப் பாரு" என்று வாயை அடைத்துவிட்டாள்.

இப்போது அவனுக்குத்தான் முதலில் போன் போட்டாள். அவன் யார் வீட்டுக் குளியலறையிலோ ஒரு வாஷிங் மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் சாதாரணமாகச் சொன்னான். "இதுக்கு எதுக்குப் பதறுற? தேதியை இன்னைக்கு வரைக்கும் நீட்டிச்சிருக்காங்கன்னு போடு. பார்த்துட்டு ஓடி வந்துடப் போகுது அந்தப் பொண்ணு."

அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. யாருக்கும் கெடுதல் இல்லை, தன் பேரும் கெடாது. 'விண்ணப்பிக்கும் தேதி இன்று மாலை ஐந்து மணி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது' என்று கொட்டை எழுத்தில் பக்கத்தின் உச்சியில் போட்டாள். ஜன்னலோரம் என்ற பேரில் எழுதும் அந்தப் பெண்ணின் பின்னூட்டத்துக்குக் கீழேயும் எழுதினாள். மின்னஞ்சலும் அனுப்பினாள். அனுப்பிவிட்டு, வாடிக்கையாளர் ஒருவருக்குக் கண்ணாடிக் காலை வளைத்துக் கொடுத்தாள். அந்த ஆள் காது வலிக்கிறது என்றார். இன்னும் கொஞ்சம் வளைத்தாள். கண் மட்டும் போனிலேயே இருந்தது. நன்றி அக்கா, நன்றி அக்கா என்று யார் யாரோ எழுதினார்கள். ஜன்னலோரம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. கம்பெனியில் சேரப் போன பெண் எதற்கு இனிமேல் இந்தப் பக்கம் பார்க்கப்போகிறாள்?

மத்தியானம் நெருங்கியது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன மாதம் அந்தப் பெண் ஒரு நன்னடத்தைச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பி, இது போதுமா என்று கேட்டது ஞாபகம் வந்தது. தேடி எடுத்தாள். பெண்ணின் பெயர் இருந்தது, மேலே பள்ளியின் போன் எண்ணும் இருந்தது.

பள்ளி அலுவலகத்தில் ஓர் அம்மாள் எடுத்தார். இவள் படபடவென்று சொல்லி முடித்தாள். உதவித்தொகைக்குத் தேதி நீட்டித்திருக்கிறார்கள், உங்கள் பழைய மாணவி ஒருத்திக்குச் சொல்ல வேண்டும், அவள் வீட்டு நம்பர் வேண்டும்.

"யாரும்மா நீங்க?"

"நான் ஒரு வலைப்பதிவு எழுதறேங்க. கல்வி உதவித்தொகை பத்தி."

"அந்த அறிவிப்பு என் ஃபைல்லயே இருக்கு, இருங்க." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ஆரம்பத்துல இருந்தே இன்னைக்குத்தான் கடைசின்னு போட்டிருக்கு. யாரு நீட்டிச்சா? எங்க நீட்டிச்சா?"

இவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"இப்படித்தான் போன வாரமும் ஒருத்தன், உதவித்தொகை வந்திருக்கு, பேங்க் நம்பர் சொல்லுன்னு பிள்ளைங்களுக்குப் போன் பண்ணினான். பொம்பளைப் பிள்ளை நம்பரை எல்லாம் கண்டவங்களுக்குத் தர முடியாது. வைங்க."

"வெச்சுடாதீங்கம்மா!" கடையே திரும்பிப் பார்த்தது. முதலாளி லென்ஸ் துடைப்பதை நிறுத்தினார். இவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே கண் பரிசோதனை அட்டைதான் இருந்தது. பெரிய எழுத்து, அதற்குக் கீழே சின்ன எழுத்து, அதற்கும் கீழே பொடி எழுத்து. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யாரும் நீட்டிக்கலைங்க. நான்தான் தேதியை ரெண்டு நாள் முன்னாடி தள்ளி எழுதினேன். பிள்ளைங்க சீக்கிரம் போடட்டும்னு. அதைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சு விட்டுட்டா. நம்பரை எனக்குத் தர வேண்டாம். நீங்களே அவங்க வீட்டுக்குப் பேசுங்க. எப்படியாவது இன்னைக்கே பேசுங்க."



"படிச்சவதானே நீ? இப்படியா பண்ணுவ?" என்றார் அந்த அம்மாள். நீங்கள் போய் நீ வந்துவிட்டது. "லைன்லயே இரு."

அலுவலகத்தின் இன்னொரு போனில் அவர் பேசுவது அரைகுறையாகக் கேட்டது. திரும்பி வந்து சொன்னார். பெண் காலையிலேயே கம்பெனிக்குப் போய்விட்டாள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற துணிக் கம்பெனி. செல்போனை உள்ளே விடமாட்டார்களாம். வருமானச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறது. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் படம் பிடித்து அனுப்ப வழியில்லை. "அட்ரஸ் எழுதிக்க. உன்னை நம்பித் தரலை. அந்தப் புள்ளைக்காகத் தர்றேன்."

எழுதிக்கொண்டாள். முதலாளியிடம் திரும்பி, "சார், நான் இப்பவே போகணும்" என்றாள். அவர் அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வழக்கமாக, உன் பிள்ளைகள் எல்லாம் கலெக்டர் ஆகிவிட்டார்களா என்று கேலி பேசுகிற மனுஷர். இன்றைக்குக் கேலி வரவில்லை. "போ போ. நின்னு பேசிட்டிருக்காத" என்றார்.

வீட்டு முகவரி கணவனுக்குப் போனது. பாதி பிரித்த மெஷினை அப்படியே போட்டுவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அவன் வண்டியை எடுத்தான். பெண்ணின் அம்மாவையும் சான்றிதழையும் கம்பெனிக்குக் கூட்டி வருவது அவன் பொறுப்பு. இவள் ஆட்டோவில் ஏறினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோவிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டு, இறங்கி நடைமேம்பாலத்தில் ஏறி மூச்சு வாங்க அந்தப் பக்கம் இறங்கினாள்.

கம்பெனி வாசலில் ஒரு காவலாளி. பெரிய மீசை, சின்ன நாற்காலி. பெண்ணின் பேரைச் சொல்லி, கொஞ்சம் வெளியே வரச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

"உள்ள போனா சாயந்தரம் ஷிப்ட் முடிஞ்சுதான் வெளிய."

"அவசரம்ங்க. காலேஜ் விஷயம். இன்னைக்கு விட்டா போச்சு."

"காலேஜா? நல்ல ஆளும்மா நீங்க. காலேஜ்னு சொன்னா சூப்பர்வைசர் என்னையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிடுவான்." அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனுஷர் இல்லை. "வீட்ல யாருக்காவது முடியலைன்னா விடுவாங்க. அப்படிச் சொல்லட்டுமா?"

இவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து ஒரு பொய்யின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பவளுக்கு இன்னொரு பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. "அம்மாவுக்கு முடியலைன்னு சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பெண் ஓடி வந்தாள். புது ஏப்ரன், தலையில் துணித் தொப்பி, கால்களில் செருப்பு இல்லை. ஓடி வந்த வேகத்தில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. "அம்மாவுக்கு என்ன ஆச்சு? எங்க இருக்காங்க? யாருங்க நீங்க?"

அந்த முகத்தைப் பார்த்ததும் இவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. "அம்மா நல்லா இருக்காங்கம்மா. ஒண்ணுமே இல்ல. உன்னை வெளிய கூப்பிடறதுக்காக நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். நான் கடைசித்தேதி அக்கா."

பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் பேர் மண்டையில் ஏறியது போல. "அக்காவா? நீங்களா?" அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது. அதுதான் இவளால் தாங்க முடியாமல் போயிற்று.

"தேதி முடியலம்மா. இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் இருக்கு. நான் போட்ட தேதிதான் தப்பு."

"தெரியாம மாறிப்போச்சா அக்கா?"

எவ்வளவு நல்ல பெண். வெளியே போக வழியைத் தானே திறந்து வைத்துவிட்டு நிற்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல. தெரிஞ்சேதான் போட்டேன்" என்றாள் இவள். "அதெல்லாம் அப்புறம் திட்டிக்க. இப்ப எந்திரி."

காவலாளி உள்பக்கம் எட்டிப் பார்த்தார். சூப்பர்வைசர் வந்துவிடப் போகிறான் என்று முணுமுணுத்தபடி, தன் அறையில் இருந்த பெட்டியிலிருந்து பெண்ணின் செல்போனைத் தேடி எடுத்துக் கொடுத்தார். விண்ணப்பத்தை அவள் முன்பே நிரப்பி வைத்திருந்தாள். வருமானச் சான்றிதழை மட்டும் ஏற்றி, சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சான்றிதழ் இன்னும் வந்து சேரவில்லை. இவள் தெருமுனையைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக நின்றாள். கணவனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் போட்டாள்.

ஒருவழியாக வண்டி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட காகிதத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். இறங்கினதும் மகள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "ஏன்டி அழற? எனக்கு என்ன வந்துச்சு?" என்றாள் அம்மா ஒன்றும் புரியாமல்.

எதிர் டீக்கடையின் மேஜையில் காகிதத்தை விரித்தார்கள். காற்றில் பறக்காமல் கணவன் அழுத்திப் பிடிக்க வந்தான். "கிரீஸ் கையை வெக்காத!" என்று அதட்டி இவளே பிடித்துக்கொண்டாள். பெண் படம் பிடித்தாள். ஏற்றினாள். படம் பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. சுருக்கி ஏற்றினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வருஷம் முழுக்க இவளிடம் திட்டு வாங்குகிற அத்தனை மகாராஜாக்களும் ராணிகளும் அந்த நேரத்தில்தான் தளத்துக்குள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்குப் பயந்துதானே இரண்டு நாள் முன்னதாகப் போட்டேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைச் சொல்கிற யோக்கியதை இப்போது தனக்கு இல்லை என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஓடிபி கேட்டது. ஓடிபி வரவில்லை. பெண் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அங்கிருந்தே, "வந்துடுச்சு!" என்று கத்தினாள். திரும்பி ஓடிவந்து எண்களை அடித்தாள். மறுபடியும் வட்டம். டீக்கடைக்காரர் கூடப் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று வந்தது. ஐந்து அடிக்கக் கொஞ்சம்தான் பாக்கி.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவன் சத்தமாகச் சிரித்தான். இவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெண் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாள், தொப்பியை மறுபடி மாட்டினாள். கிடைக்கும் வரைக்கும் வேலை வேலைதான், முதல் நாளே அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டால் அப்பா சத்தம் போடுவார் என்றாள். கிளம்பியவள் நின்றாள்.

"ஏன் அக்கா அப்படிப் போட்டீங்க?"

"எல்லாரும் கடைசி நாள்லதான் வருவீங்க. அதான்."

"நான் தேதி தாண்டினா கதவைத் தட்ட மாட்டேன் அக்கா. முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான்னு போயிடுவேன்." கோபமாகச் சொல்லவில்லை. அவள் பழக்கம் அப்படி என்று தெரியப்படுத்துகிற மாதிரிதான் சொன்னாள். காவலாளி கூப்பிட, உள்ளே ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, கணவன் அடுப்பைப் பற்றவைக்க, இவள் வலைப்பதிவைத் திறந்தாள். காலையில் போட்ட பொய் இன்னும் உச்சியில் கொட்டை எழுத்தில் நின்றது. கீழே வரிசையாக வாழ்த்து. 'நீட்டிப்பு வந்ததும் உடனே சொன்ன அக்காவுக்குக் கோடி நன்றி.' ஒருத்தர் கைகூப்பின படமும் போட்டிருந்தார். உச்சியில் இருந்த அந்தப் பொய்யை அழித்தாள். அந்த இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். யாரும் தேதியை நீட்டிக்கவில்லை. இத்தனை வருஷமும் எல்லாத் தேதியையும் இரண்டு நாள் முன்னதாகப் போட்டது நான்தான். இனி உள்ள தேதியைத்தான் போடுவேன்.

"இதைப் போடாத" என்றான் கணவன் பின்னால் நின்று. "அந்தப் பொண்ணுதான் விண்ணப்பம் போட்டாச்சே. இனிமே ஒழுங்கா போடு, போதும். இதைச் சொல்லிட்டா நாளைக்கு எவன் உன்னை நம்பி வருவான்?"

"வராம போகட்டும்" என்று வெளியிடும் பட்டனை அழுத்தினாள்.

சோறு வடிப்பதற்குள் பதில்கள் வந்து விழுந்தன. ஒருவன் காறித் துப்பாத குறை. இன்னொருவன், அக்கா உங்க இரண்டு நாளால்தான் நான் இன்ஜினியர், இதற்கெல்லாமா மன்னிப்பு என்று எழுதியிருந்தான். ஒருத்தி, இனிமேல் நீங்கள் போடும் தேதியில் நானே இரண்டு நாளைக் குறைத்துக்கொள்கிறேன் என்று கேலி செய்திருந்தாள். அதைப் படித்து அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. தட்டைக் கழுவி எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

அப்போது இன்னொன்று வந்தது. பேர் இல்லை. இதற்கு முன் ஒருமுறைகூட எழுதாத ஆள்.

"அக்கா, போன வருஷம் நர்சிங் உதவித்தொகை பத்தி எழுதியிருந்தீங்க. நான் ஒரு நாள் லேட்டா பார்த்தேன். தேதி போயிடுச்சுன்னு போடவே இல்ல. அன்னைக்கு அது திறந்துதான் இருந்துச்சா?"

கணவன் குனிந்து படித்தான். பழைய பதிவைத் தேடிப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. அந்தத் தேதி மனப்பாடம். பேர் இல்லாத இந்தப் பெண்ணுக்காக ஏறி ஓட ஆட்டோ இல்லை, தட்ட வாசல் இல்லை. மரக்கதவும் மோதிரம் போட்ட அந்தக் கையும் ஞாபகம் வந்தன. இந்த முறை அந்த மோதிரம் தன் விரலில் இருந்தது போலிருந்தது.

சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள்.

"ஆமாம்மா. திறந்துதான் இருந்தது."